பூஜைக்குப் பிறகு வந்த எண்ணெய்

அத்தியாயம் 6

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில், அந்த ஆய்வுக்கூடத்தில் எண்ணெய்க் கற்களைச் சோதிக்கும் கல் அறையில், அன்று பிற்பகல் இருந்தவர்கள்:

டாக்டர் மாணிக்கவாசகம். முதலாளி. எண்ணெய் வயல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேதியியல்காரர். வீட்டை விற்று இந்த இடத்தைத் தொடங்கியவர்.

சந்திரன். சென்னையிலிருந்து வந்த எண்ணெய்க் கம்பெனி அதிகாரி. காவிரி டெல்டாவில் ஓய்ந்துபோன கிணறு ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. முகத்தில் நிரந்தர அஜீரணம்.

தாரணி. ஆராய்ச்சியாளர். கொள்ளேகால் பெண். காலையிலிருந்து ஸ்டோர் ரூமில் பூட்டி வைக்கப்பட்டு, இப்போதுதான் வெளியே விடப்பட்டவள்.

நஞ்சம்மா. அட்டெண்டர். பாதி உடம்பு அறைக்குள், பாதி வராந்தாவில்.

சில்வியா. தனியார் துப்பறிவாளர். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்துகளை மோப்பம் பிடித்தவள்.

பிரசாந்த். அவளுடைய உதவியாளன். காரும் ஓட்டுவான், வாயும் ஓட்டுவான்.

இவர்களுக்கு நடுவே, மேஜைமேல், ஓர் இரும்புக் குழாய்க்குள் உள்ளங்கை நீளத்தில் ஒரு கல், அந்தக் கிணற்றிலிருந்து எடுத்தது.

வர வேண்டியவர் ஒருவர் பாக்கி. இன்ஸ்பெக்டர். சாயங்காலத்துக்குள் வண்டியோடு வருவார். ஒருவரை ஏற்றிக்கொண்டு போவார். இப்போதைக்கு அந்த ஒருவர் தாரணி.

மாணிக்கவாசகம் பேசிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் விழுந்துவிடுவார் போலிருந்தது.

"பூமிக்கு அடியில எண்ணெய் ஏரி மாதிரி நிக்கும்னு ஜனங்க நினைக்கறாங்க மேடம். கிடையாது. கல்லுல இருக்கிற பொடித் துவாரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். கிணறு தோண்டின புதுசுல தானா வரும். அப்புறம் தண்ணியை அடிச்சுத் தள்ளணும். அதுக்கும் அப்புறம் பாதிக்கு மேல உள்ளேயே கிடக்கும். ஏன்னா தண்ணி சுலபமான வழியைக் கண்டுபிடிச்சு ஓடிடும். எண்ணெயை அங்கயே விட்டுட்டு."

"எங்க காந்திநகர் குழாய்த் தண்ணி மாதிரி," என்றான் பிரசாந்த். "மேட்டு வீட்டுப் பக்கம் திரும்பியே பாக்காது."

"அதனால தண்ணியைக் கஞ்சி பதத்துக்குத் தடிப்பாக்கணும். தடிப்பா இருந்தா மெதுவா நகரும், எல்லாத்தையும் முன்னால தள்ளிட்டு வரும். என் கஞ்சி தள்ளிச்சு மேடம். இதே கல்லுல. விஜயதசமி அன்னிக்கு. தண்ணி அடிச்சு ஓய்ஞ்ச கல்லுல இருந்து திரும்ப எண்ணெய் வந்துச்சு. சார் நேர்ல பாத்தாரு."

"மிஷின் பட்டனை அமுக்கினதே நான்தான்," என்றார் சந்திரன். "கெஸ்ட்டா கூப்பிட்டிருந்தாரு. அதை நம்பி டெல்டா கிணத்துல அந்தக் கஞ்சியை இறக்கினோம். வந்தது வெறும் தண்ணி. கிணத்தை சிமெண்ட் போட்டு மூடச் சொல்லி ஹெட் ஆபீஸ்ல ஆர்டர். இன்னிக்குச் சாயந்திரம் வரைக்கும்தான் என்னால பிடிச்சு வைக்க முடியும். மூடினா மூடினதுதான், உள்ள இருக்கிறது உள்ளேயே போச்சு. போலீஸுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் விசாரிக்கட்டும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"கஞ்சி நல்ல கஞ்சிதான்!" மாணிக்கவாசகத்தின் குரல் உடைந்தது. தாரணியை நோக்கி விரலை நீட்டினார். "அந்த பேட்ச்ல ரெண்டு குப்பி. ஒண்ணு அன்னிக்குச் செலவாச்சு. இன்னொண்ணு ரிசர்வ். தசரா லீவு முடிஞ்சு இவ வந்தா. அதுக்கப்புறம் எந்த பேட்ச்சும் வேலை செய்யல. எனக்குத் தெரியாம பெங்களூருக்கு இன்டர்வியூ போயிருக்கா. ரிசர்வ் குப்பியை மாத்திட்டா மேடம். அசலை வித்துட்டா."

தாரணியின் கண்கள் வீங்கியிருந்தன. குரல் மட்டும் நேராக வந்தது. "வித்திருந்தா நான் ஏனுங்க இன்னிக்குக் காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வேலைக்கு வர்றேன்?"

"நடிப்பு," என்றார் மாணிக்கவாசகம்.

"போனைப் புடுங்கிட்டாருங்க்கா. ஊட்டுக்குக்கூடச் சொல்லல." அவள் சில்வியாவைப் பார்த்தாள். "திருடின்னு ஒருக்கா கேஸ் விழுந்துருச்சுன்னா எந்த லேபும் என்னைக் கதவுக்குள்ள விடாதுங்க. எனக்கு வேற வேலை தெரியாதுங்க."

ஆறுதல் சொல்வது சில்வியாவுக்குப் பழக்கமில்லை. "குப்பியைக் காட்டுங்க," என்றாள்.

*

ஃப்ரிட்ஜ் கதவில் சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். காய்ந்து, விளிம்பில் வெடித்திருந்தது.

கம்ப்யூட்டருக்கும் பொட்டு. பம்புக்கும் தராசுக்கும் பொட்டு. சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளைக்கு இரண்டு.

"நம்ம ஆபீஸ் ஆயுத பூஜையில ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு வெச்சாங்க," என்றான் பிரசாந்த். "எனக்கு வெக்கல. உபயோகமான ஐட்டத்துக்கு மட்டும்தானாம்."

சில்வியா குப்பியைக் கையில் எடுத்தாள். பழுப்புக் கண்ணாடி. கழுத்தைச் சுற்றி சீல் டேப். அங்கேயும் ஒரு பொட்டு. பாதி டேப்பின்மேல், பாதி கண்ணாடியின்மேல். நடுவில் கீறல் இல்லை.

"பிரசாந்த், இந்தக் குப்பியைத் திறக்கணும்னா என்ன செய்வே?"

"டேப்பை உரிப்பேன்."

"உரிச்சா?"

"பொட்டு ரெண்டா கிழியும்." அவன் குனிந்து பார்த்தான். விசில் அடிக்க வாயைக் குவித்து, தாரணியின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான். "கிழியலையே."

"பொட்டு வெச்சது எப்ப?"

"ஆயுத பூஜை அன்னிக்கு," என்றார் சந்திரன், வாசலிலிருந்து. "நான் பக்கத்துல நின்னேன். நஞ்சம்மா வரிசையா வெச்சிட்டே போச்சு. என் நெத்தியிலயும்."

"அப்ப தாரணி ஊர்ல. திரும்பி வந்தப்ப இந்தக் குப்பியில பொட்டு இருக்கு. இன்னிக்கும் அதே பொட்டு, கிழியாம இருக்கு. அன்னிலேர்ந்து யாரும் இதைத் திறக்கல. இதுதான் அசல்."

"வேற குப்பியில அதே மாதிரி பொட்டு வெச்சிருப்பா," என்றார் மாணிக்கவாசகம்.

"வெச்சிருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படியே வெச்சுக்குவோம். டாக்டர், நீங்க இதைத் திறந்து சோதிச்சுப் பாத்தீங்களா?"

"பாக்கவே வேண்டாம். நிறமே வேற."

"பழுப்புக் குப்பிக்குள்ள நிறம் தெரியுதா உங்களுக்கு?"

அவர் பார்வை ஃப்ரிட்ஜ் பக்கம் போயிற்று.

"பீரோவைத் திறந்து பாத்துட்டுத்தான் எல்லாரும் திருட்டுப் போச்சுன்னு கத்துவாங்க," என்றாள் சில்வியா. "நீங்க திறக்காமயே கத்தறீங்க."

சந்திரன் நெற்றியைத் தேய்த்தார். "இருங்க மேடம். இது அசல்னா, இதே கஞ்சி அன்னிக்கு எண்ணெயைத் தள்ளிச்சே? டெல்டாவுல ஏன் தள்ளல?"

"எனக்கும் அதுதான் கேள்வி. அன்னிக்கு எடுத்த படம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. சந்திரன் கைப்பேசியிலேயே. கழுத்தில் மாலை, விரல் பட்டன்மேல், பின்னால் கைதட்டல். பிறகு கேமரா நகர்ந்து கண்ணாடிக் குழாயைக் காட்டியது. கல்லிலிருந்து கறுப்புத் துளிகள் ஒவ்வொன்றாக ஏறின. யாரோ "வந்துருச்சு" என்று கத்தினார்கள். அது மாணிக்கவாசகத்தின் குரல். குழந்தை பிறந்த செய்தியைக் கேட்டவன் குரல்.

சில்வியா படத்தைப் பின்னால் ஓட்டினாள். நிறுத்தினாள். பெரிதாக்கினாள்.

"எண்ணெய்க்கு மேல வெள்ளையா என்னது?"

"நல்லா ஆத்தின காபி மாதிரி இருக்கு," என்றான் பிரசாந்த். "நுரை."

"தாரணி, உங்க கஞ்சி நுரைக்குமா?"

"நுரைக்காதுங்க்கா. நான் ஓட்டின எந்த ரன்லயும் நுரை வந்ததில்லீங்க." அவள் கைப்பேசியை வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டாள். அந்த ஓட்டத்தின் படத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை என்பது தெரிந்தது. "சோப்பை நாங்க இந்த ரூமுக்குள்ளயே விட மாட்டோமுங்க. டொலுவீன் விட்டு, சுத்தத் தண்ணி விட்டுத்தான் குழாயைக் கழுவறது. சோப்பு ஒரு துளி தங்கினாலும் கல்லுல ஒட்டியிருக்கிற எண்ணெய்..."

நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது.

அந்த இடைவெளியில், வாசலில் பாதியாக நின்ற நஞ்சம்மா முழுதாகக் காணாமல் போயிருந்தாள்.

*

பின்பக்கக் குழாயடியில் பிடித்தார்கள். துலக்கி முடித்த பாத்திரத்தை மறுபடி துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நங்கே ஏனூ கொத்தில்லம்மா," என்றாள் நஞ்சம்மா, அவர்கள் கேட்பதற்கு முன்பே. "எனக்கு ஒண்ணும் தெரியாது."

"என்ன தெரியாதுன்னு சொல்லுங்க," என்றாள் சில்வியா. குத்துக்காலிட்டு எதிரே உட்கார்ந்தாள். "பூஜைக்கு முந்தின நாள் மிஷினை யார் சுத்தம் பண்ணினது?"

"அய்யாதான் சொன்னாரு. சென்னையிலேர்ந்து பெரியவர் வர்றாரு, எல்லாம் பளபளன்னு இருக்கணும்னு."

"எதை வெச்சுத் தேச்சீங்க?"

நஞ்சம்மா பாத்திரத்தைப் பார்த்தாள். "அண்டுவாளக்காயி. உங்க தமிழ்ல பூந்திக்கொட்டை. சோப்பு கூடாதுன்னு தாரணியம்மா சொல்லிருக்கு. இது சோப்பு இல்லையே. சாமி வெளக்கெல்லாம் எங்க வீட்டுல இதுலதான் தேய்க்கறது."

"ஹௌதா, அப்படியா? நுரை வர்ற எல்லாம் அண்ணன் தம்பிதான் நஞ்சம்மா," என்றான் பிரசாந்த்.

"மிஷின்ல, கல்லுக்குள்ள தண்ணி அனுப்பற இரும்பு உருளை ரெண்டு இருக்கில்லையா? எதைத் தேச்சீங்க?" என்றாள் சில்வியா.

"முதலாவது. உள்ள கறை. கொட்டையை ஊற வெச்ச தண்ணியை உருளை நெறைய ஊத்தி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில கொட்டிக் கழுவிடலாம்னு வந்தேன்." அவள் குரல் தாழ்ந்தது. "ஐயர் அதுக்குள்ள வந்துட்டாரு. அன்னிக்கு அவருக்கு பத்து எடத்துல பூஜை. மிஷினுக்குப் பொட்டு வெச்சு, மாலை போட்டு, ஆரத்தி எடுத்துட்டாங்க. அப்புறம் எப்படிம்மா கை வெக்கறது? பூஜையில வெச்சதை விஜயதசமிக்கு எடுக்கற வரைக்கும் யாரும் தொடக் கூடாதில்ல?"

"விஜயதசமி காலையில?"

"பெரியவர் கையாலதான் மொதல்ல ஓட்டணும்னு அய்யா நிப்பாட்டிட்டாரு. எல்லாரும் நிக்கறாங்க, போட்டோ புடிக்கறாங்க. நான் எப்படி நடுவுல போயி, சாமி, உள்ள கழுவுன தண்ணி இருக்குன்னு சொல்றது?"

சில்வியா எழுந்தாள். இரண்டடி வைத்தவள் திரும்பினாள்.

"அதுக்கப்புறம் பூந்திக்கொட்டை வாங்கினீங்களா?"

"நான் வாங்கல. அய்யா வாங்கினாரு. தேவராஜ மார்க்கெட்லேர்ந்து, ஒரு மூட்டை."

"எதுக்காம்?"

"பட்டு வேட்டி துவைக்கறதுக்காம்." நஞ்சம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அதற்குள்ளிருந்தே பேசினாள். "யார்கிட்டயும் சொல்லாதே, சொன்னா உன் வேலைதான் போகும்னாரு."

"ஒரு மூட்டையா!" என்றான் பிரசாந்த். "அரண்மனைத் திரைச்சீலை எல்லாத்தையும் துவைச்சுக் காயப் போட்டாலும் மிச்சம் இருக்குமே." சொல்லிவிட்டு சில்வியாவின் முகத்தைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

*

கல் அறைக்குத் திரும்பியதும் சில்வியா நேராக உள்ளே நடந்தாள். மூலையில் இருந்த சூட்டு அடுப்பின் கதவைத் திறந்தாள். உள்ளே தட்டுகளில் பழுப்புப் பிசின் பொருக்குக் கட்டியிருந்தது. கருகிய சீயக்காய் போல ஒரு நெடி அறை முழுக்கப் பரவியது.

மாணிக்கவாசகம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சந்திரன் சார், உங்களுக்குச் சொல்றேன்," என்றாள் சில்வியா. "ஓட்டம் எப்படி நடக்கணும்? முதல் உருளையில உப்புத் தண்ணி. இரண்டாவதுல கஞ்சி. அன்னிக்கு முதல் உருளையில இருந்தது பூந்திக்கொட்டைத் தண்ணி. கழுவ மறந்தது இல்ல. பூஜை போட்டாச்சு, கை வைக்கக் கூடாது. நீங்க பட்டனை அமுக்கினதும் அது கல்லுக்குள்ள போச்சு. பிசுக்குச் சட்டியைக் கழுவற மாதிரி எண்ணெயைக் கல்லுல இருந்து பிரிச்சு விட்டுது. பின்னாலயே கஞ்சி வந்து தள்ளிச்சு. எல்லாரும் கஞ்சிக்குக் கைதட்டினாங்க. தாரணி லீவுலேர்ந்து வந்ததும் எல்லாத்தையும் முறைப்படி கழுவிட்டா. அன்னியோட அதிசயம் நின்னுபோச்சு. அவ செஞ்ச ஒரே குத்தம் சுத்தமா வேலை செஞ்சது."

"இது டாக்டருக்குத் தெரியாம நடந்ததுதானே?" சந்திரன் கேட்டார். கெஞ்சலாகக் கேட்டார்.

"நடந்தப்ப தெரியாது. அப்புறம் நுரையைப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்காரு. ஒரு மூட்டை கொட்டை வாங்கி இந்த அடுப்புல வெச்சு ராப்பகலா பாத்திருக்காரு. என்ன டாக்டர்?"

மாணிக்கவாசகம் தரையைப் பார்த்துப் பேசினார்.

"இந்த ரூம் சூட்டுல அது தங்கம் மேடம். இங்க என்னால எந்தக் கல்லையும் கழுவிக் காட்ட முடியும். டெல்டாவுல, அடியில, கல்லு கொதிக்குது. அங்க இருக்கிற தண்ணி கடலைவிட உப்பு. அந்தச் சூட்டுல வேக வெச்சேன். திரிஞ்சு போகுது. கூழாகுது. கல்லோட களிமண்ணுலயே ஒட்டிக்குது. வடிகட்டிப் பாத்தேன், வேறவேற உப்பு சேத்துப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு தடவைன்னு..."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"பொய் ரிசல்ட்னு சொன்னா அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிடும். திருட்டுப் போச்சுன்னா அவகாசம் குடுப்பாங்க. ஆறு மாசம், ஒரு வருஷம். எனக்கு வேண்டியது அவகாசம் மட்டும்தான்."

"அதுக்கு நானுங்களா சார்?" என்றாள் தாரணி.

அவர் நிமிரவில்லை. "உனக்கு வயசு இருக்கு."

பிறகு சந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு சில்வியாவுக்குப் பக்கத்தில் வந்தார். குரல் இறங்கியிருந்தது, மரியாதை ஏறியிருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. திருட்டுன்னே இருக்கட்டுமே. அந்த ரிசல்ட்டுக்கு நான் சாட்சி. கிணத்துல இறக்கச் சொன்னது நான். பூந்திக்கொட்டைத் தண்ணின்னு ஹெட் ஆபீஸ்ல போய் எப்படிச் சொல்வேன்? பொண்ணு மேல பெரிசா கேஸ் நிக்காது. பெயில்ல வந்துடும். நான் வக்கீல் வெச்சுத் தர்றேன்."

தாரணி சுவரில் சாய்ந்தாள். கை எதையோ பிடிக்கத் தேடியது. மேஜை விளிம்பு கிடைத்தது.

சில்வியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னைக் கூப்பிட்டது நீங்கதானே?"

"ஆமா."

"எதுக்கு? நான் எதையும் கண்டுபிடிக்க மாட்டேன்னு நம்பியா?"

"மேடம், பிராக்டிக்கலா பாருங்க."

"பாக்கறேன். நீங்க பட்டனை அமுக்கற வீடியோ, நுரையோட, உங்க போன்ல இருக்கு. எங்கிட்டயும் இருக்கு."

சந்திரன் தன் சட்டைப் பையைத் தொட்டார். காலியாக இருந்தது.

"இந்தாங்க சார், கீழ வெச்சுட்டுப் போயிட்டீங்க," பிரசாந்த் கைப்பேசியை இரண்டு கைகளாலும் நீட்டினான். "குழாயடிக்குப் போற வழியில அக்காவுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன். மாலை உங்களுக்கு நல்லா எடுத்திருக்கு."

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன. பூட்ஸ் கால்கள் படியேறின.

சந்திரன் கணக்குப் போட்டார். அது முகத்திலேயே தெரிந்தது. அதிக நேரம் எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, எந்தப் பெண்ணை அழைத்துப்போக வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். அவருடைய பார்வை நேராகத் தாரணியிடம் போயிற்று. கூட வந்த பெண் கான்ஸ்டபிள் ஓரடி முன்னால் வைத்தாள்.

"அவங்க இல்ல சார்." சந்திரன் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். சற்றுமுன் கெஞ்சிய குரல் இப்போது அதிகாரியின் குரல். "எங்க கம்பெனி சார்பா புகார் நான் குடுக்கறேன். பொய் ரிசல்ட் காட்டி எங்களை ஏமாத்தியிருக்காரு இந்த டாக்டர். நான் ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகப்பட்டு, தனியா ஒரு துப்பறிவாளரை வெச்சு விசாரிச்சேன்."

"அடேங்கப்பா," என்று முணுமுணுத்தான் பிரசாந்த். "இவருக்கு ஒரு பொட்டு வைக்கலாம்."

"காலையிலேர்ந்து இந்தப் பொண்ணை ஸ்டோர் ரூம்ல அடைச்சு வெச்சிருந்தாரு," என்றாள் சில்வியா. "போனையும் புடுங்கியிருக்காரு. அதையும் சேத்துக்குங்க. காலையில சாருக்கும் இது தெரியும். அதையும் கேளுங்க."

சந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சென்னைக்குப் போன் போட்டார். "மூடிடுங்க," என்றார். "ஆமா. சிமெண்ட் இறக்கிடுங்க."

மாணிக்கவாசகம் அந்த வார்த்தையைக் கேட்டார். அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் கேட்டது எதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. தாரணியின் கைப்பேசியை மேஜை இழுப்பறையிலிருந்து தானே எடுத்து அவள் முன் வைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். நடந்தார்.

எல்லோரும் வாசல் வரை போனார்கள். வெயில் சாய்ந்திருந்தது. எதிர் ஃபாக்டரியில் ஷிஃப்ட் விட்டு ஆட்கள் சைக்கிளில் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். போலீஸ் வண்டியைப் பார்த்துவிட்டு வேகமாக மிதித்தார்கள்.

வண்டியின் பின்படியில் ஒரு காலை வைத்த மாணிக்கவாசகம் திரும்பினார்.

"தாரணி. கல்லை இரும்புக் குழாய்லேர்ந்து எடுத்து உப்புத் தண்ணியில போட்டு வை. காஞ்சுபோச்சுன்னா உள்ள களிமண் இறுகிடும், அப்புறம் எதுவும் ஏறாது. அந்தக் கிணத்துக் கல்லு நம்மகிட்ட அது ஒண்ணுதான் இருக்கு."

தாரணி அவரைப் பார்த்தாள். கைப்பேசியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் 'அப்பா' என்று வந்து, மறைந்து, மறுபடி வந்தது.

"காயட்டுங்க சார்," என்றாள்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட வந்த இன்னொரு கான்ஸ்டபிள் அவர் தோளை உள்ளே அழுத்திவிட்டு, பின்கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.